எந்தக் கதவு தேய்ந்திருக்கிறது?

ஒருவர் என்ன கார் வைத்திருக்கிறார் என்று பார்த்து அவரை எடைபோடுவது நம் ஊரில் பழைய வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் எந்த வண்டியில் வந்து இறங்குகிறார்கள் என்பது, அவர்கள் வாசல் ஏறுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்று கார்களும் சில ஜீப்புகளும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வண்டியின் பெயரை வைத்து ஆளைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. கோயம்புத்தூர் புலியகுளத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த என் அப்பா அதனால் வேறு இடத்தில் பார்ப்பார். கதவைப் பார்ப்பார்.

வண்டி உள்ளே வந்ததும் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கைப்பிடியோடு லேசாக மேலே தூக்குவார். கீல் தேய்ந்திருந்தால் கதவு இறங்கி நிற்கும், தூக்கினால் ஆடும். வலது முன்கதவு மட்டும் ஆடினால் சொந்தமாக ஓட்டுகிறவர். இடது பின்கதவு ஆடினால் டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறவர். நான்கும் ஆடினால் வாடகை வண்டி, அல்லது ஊருக்கே ஓடுகிற வீட்டு வண்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பில் எழுதுவது என் வேலை. “அம்மிணி, எழுதிக்க. பின்னாடி லெஃப்ட் டோரு, கீல் பின் ரெண்டு” என்று அவர் குரல் கொடுத்தால், அது யாருடைய வண்டி என்று நான் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவேன். இன்று ஒர்க்‌ஷாப்பைத் தம்பி நடத்துகிறான். கணக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கார் வாங்குகிறவர்களை இந்த மேசையிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம் இதுதான்: ஒரு கார் தன் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது அதன் விலையில் இல்லை. அதில் யாருக்கெல்லாம் இடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து டாக்டர்கள் பலர் ஹெரால்டு வைத்திருந்தார்கள். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது; 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதை இங்கேயே தயாரித்தது. முதலில் இரண்டு கதவுகளோடு வந்தது. பிறகு இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள். சிறிய வண்டி, ஸ்டீரிங்கை ஒடித்தால் மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பிவிடும். முட்டுச் சந்துக்குள் நுழைந்து நோயாளி வீட்டு வாசலிலேயே திருப்பிக்கொண்டு வர அதைவிட வசதியான கார் அன்றைக்கு இல்லை. அப்பாவுக்கும் அந்த வண்டி மேல் தனிப் பிரியம். மற்ற கார்களில் பானெட்டை மட்டும்தான் தூக்க முடியும். ஹெரால்டில் இரண்டு பக்க மட்கார்டோடும் ஹெட்லைட்டோடும் சேர்த்து முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னால் சாய்த்துவிடலாம். எஞ்சின், முன் சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் வந்து நிற்கும். அப்பா முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, ஸ்பேனரைப் பக்கத்தில் வைத்து, குனியாமல் வேலை பார்ப்பார்.

டாக்டர் சொந்தமாக ஓட்டுகிறவர்தான். ஆனால் அவர் வண்டியில் பின்கதவும் தேய்ந்திருக்கும். ராத்திரியில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே முடியாது என்று தெரிந்தால், நோயாளியைப் பின் சீட்டில் படுக்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அவரே கொண்டுபோவார். ஸ்டெதாஸ்கோப்பைப் போல அந்தக் காரும் அவருக்குத் தொழில் கருவி. சீட் ரெக்சினில் டெட்டால் வாசனை போகவே போகாது.

மில் முதலாளிகள் கதை வேறு. பைக்காரா மின்சாரம் வந்த 1930-களுக்குப் பிறகு கோயம்புத்தூரில் மில்கள் பெருகின. அந்தச் செல்வத்தோடு அமெரிக்காவிலிருந்து நீளநீளமான கார்கள் வந்து இறங்கின. படகு கார் என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் அவை ஷெட்டுக்குள் போயின. அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியத்துக்குப் போனால் அந்தக் காலத்து வண்டிகளின் கம்பீரத்தை இன்றும் பார்க்கலாம். அடுத்த தலைமுறை முதலாளிகள் அம்பாசடருக்கு மாறினார்கள். இடது பின்கதவு தேய்ந்த வண்டிகள் அவை. அரசு அதிகாரிகளின் வெள்ளை அம்பாசடரும் அதே ரகம்தான்: பின் சீட்டில் டர்க்கி டவல், ஜன்னலில் திரை. அவற்றின் பின்கதவில் கீல் தேய்ந்திருக்கும், வெளிக் கைப்பிடியின் உள்பக்கம் மட்டும் மெருகு போயிருக்கும். அந்த மெருகைத் தேய்த்தவை டிரைவரின் விரல்கள். ஏறுகிறவர் கை அந்தப் பிடியில் பட்டதே இல்லை.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர்களும் வால்பாறை எஸ்டேட்காரர்களும் ஜீப் வைத்திருந்தார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் வேறு வண்டியை நம்பி ஏற முடியாது. ஜீப்புக்குப் பக்கத்தில் கதவே கிடையாது. பின்னால் ஏறுகிற படிதான் தேய்ந்து பளபளக்கும். தேங்காய் மூட்டை, உர மூட்டை, பிரசவத்துக்குப் போகிற பெண், எல்லாம் அந்தப் படி வழியாகத்தான்.

நான்கு கதவும் தேய்ந்த அம்பாசடர்தான் அந்தக் காலத்தின் அடையாளம் என்று நினைக்கிறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாக வைத்து, 1950-களின் கடைசியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்த வண்டி. முன் சீட் ஒரே நீளப் பெஞ்சு. கியர் ஸ்டீரிங் தண்டிலேயே இருக்கும். அதனால் நடுவில் உட்காருகிறவரின் காலை எதுவும் இடிக்காது. பழனிக்கு முடி எடுக்கப் போகும்போது முன்னால் டிரைவரோடு நான்கு பேர் உட்காருவோம். டிரைவர் ஒருக்களித்து, வலது தோளை ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு ஓட்டுவார். பின்னால் பெரியவர்கள் நான்கு பேர், அவர்கள் மடியில் குழந்தைகள், காலடியில் சோற்று அடுக்கு. அந்தக் காரை வாங்குகிறவர், வாங்கும்போதே சித்தப்பா வீட்டையும் அத்தை வீட்டையும் சேர்த்து எண்ணித்தான் வாங்குவார். கல்யாணம், எழவு, ஆஸ்பத்திரி எதுவானாலும், தெருவில் கார் இருக்கிற வீட்டுக்குத்தான் ஆள் ஓடும். சாவி தர மறுத்தவரைப் பற்றி ஊர் வருஷக்கணக்கில் பேசும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அந்தக் காலமே நல்ல காலம் என்று எழுதிவிட என்னால் முடியாது. அந்தக் கார்களில் பின்னால் இடம் இருந்தது. ஸ்டீரிங் பக்கம் இடம் இல்லை. நாடு முழுக்க ஆண்டுக்கு அரை லட்சம் கார்கூடத் தயாராகாத காலம் அது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் கட்ட முடிந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது. வாடகைக் கார் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அதன் சொந்தக்காரர்கள் இல்லை. இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்திருந்த முதலாளிக்கு ஓட்டுவார்கள். பேட்டாவை வாங்கிக்கொண்டு ஸ்டாண்டில் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். “ஏனுங்ணா, டயரு வழுவழுன்னு ஆயிருச்சு. நீங்க ஒரு வார்த்தை மொதலாளிகிட்டச் சொல்லுங்ணா, நாஞ் சொன்னா கேக்க மாட்டாருங்” என்று அப்பாவிடம் வந்து கெஞ்சுவார்கள். மாற்றச் சொல்லும் உரிமைகூட, அந்த டயரை நம்பி உயிரை வைத்தவருக்கு இல்லை.

ஊருக்கே ஓடிய வண்டி என்றேன். அந்த ஊருக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் காரைக் கழுவினார்கள், துடைத்தார்கள், சகதியில் மாட்டினால் தள்ளினார்கள். அதில் ஏறி உட்கார அவர்களுக்கு இடம் இல்லை. பாம்பு கடித்தவரைக்கூட மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பற்றி எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கார் ஷெட்டில்தான் நின்றிருந்தது.

பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பெண் ஓட்டிவந்த காருக்கு நான் அந்த நாளில் பில் எழுதியதாக நினைவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது எனக்குத் தெரியும். ஆனால் ஷெட்டுக்குள்ளேயே வண்டியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்துவதென்றால் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள்.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். குலுக்கலில் வந்து அதைப் பெற்றுக்கொண்டவர் ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். மாதச் சம்பளக்காரர். விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் முதல் மாருதி வந்து நின்றபோது அப்பா நீண்ட நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். 796 சி.சி., மூன்றே சிலிண்டர். வாரம் ஒரு வேலை வைக்கிற அம்பாசடருக்குப் பழகிய கைக்கு அதில் செய்ய ஒன்றுமே இல்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே பில் புத்தகத்தில் பெயர்கள் மாறத் தொடங்கின. பாங்க் ஆபீசர், எல்.ஐ.சி.க்காரர், காலேஜ் லெக்சரர். பிறகு ஒரு மகப்பேறு டாக்டர் அம்மா. அவர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

காரணம் வண்டியிலேயே இருந்தது. கிளட்ச் பூப்போல இறங்கும். கியர் தரையில், கைக்கு எட்டும் தூரத்தில். ஸ்டீரிங்கைத் திருப்பத் தோள் வலிமை வேண்டாம். டிரைவிங் ஸ்கூல்கள் எல்லாம் மாருதிக்கு மாறின. கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த வண்டியில் நானும் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வந்ததும் அம்மாவை உட்கார வைத்து மருதமலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அம்மா வழக்கம்போலப் பின்கதவைத் திறக்கப் போனார். முன்னால் வரச் சொன்னேன். காரின் முன் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ரோட்டில் எத்தனையோ முறை போனவர்தான். ஆனால் முன்னால் இருந்து அதைப் பார்த்ததில்லை.

அடுத்த மாற்றம் சென்னைக்கு வெளியிலிருந்து வந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998-ல் சான்ட்ரோ, அதே வருஷக் கடைசியில், இன்னொரு பக்கமிருந்து டாடாவின் இண்டிகா. சான்ட்ரோவை இளம் தம்பதிகள் வாங்கினார்கள். உயரமான கூரை, ஏறி இறங்க முழங்கால் மடக்க வேண்டாம் என்பதால் ரிட்டையரானவர்களும் வாங்கினார்கள். இண்டிகா டீசலிலும் வந்தது. அதை டிரைவர்கள் வாங்கினார்கள். இதைத்தான் நான் பெரிய மாற்றம் என்பேன். ஸ்டாண்டில் முதலாளியின் அம்பாசடரில் படுத்துத் தூங்கியவர்களின் பிள்ளைகள், பாங்கு லோன் போட்டு மஞ்சள் போர்டு இண்டிகாவைத் தங்கள் பெயரில் எடுத்தார்கள். டயர் வழுக்கினால் யாரிடமும் கெஞ்சாமல் மாற்றினார்கள். இண்டிகாவுக்குப் பிறகு எட்டியோஸ், டிசையர். கொஞ்சம் காலூன்றியவர்களுக்கு இன்னோவா.

எந்த வண்டியை வாங்குகிறோம் என்பதில் நம் மனசு மட்டும் பேசுவதில்லை, சர்க்காரும் பேசுகிறது. 2006-ல் 4 மீட்டர் நீளத்துக்குள், சின்ன எஞ்சினோடு இருக்கிற கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். உடனே கம்பெனிகள் காரின் நீளத்தைக் கத்தரித்தன. 2012-ல் வந்த டிசையரின் டிக்கி அப்படிக் குறுகியதுதான். மொத்த நீளம் 3,995 மில்லிமீட்டர். ஒரு சின்ன வரி விதி நாட்டின் கார்களையெல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டிவிட்டது.

2009-ல் நானோ வந்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு இடம் தர நினைத்த கார் அது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நாடு முழுக்கப் பேர் பரவிவிட்டது. ஸ்கூட்டர் குடும்பம் அந்தப் பேரை வாசலில் நிறுத்த விரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, பழைய 800-ஐயோ ஆல்டோவையோ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலமெல்லாம் குறைவாக எடைபோடப்பட்டவர்கள், தங்கள் முதல் காரின் மேலும் அந்த முத்திரை விழ வேண்டாம் என்று நினைத்தது நியாயம்தான்.

2014 ஜனவரியில் மாருதி 800-ஐ நிறுத்தினார்கள். மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடரும் நின்றது. இரண்டும் ஒரே வருஷத்தில் போனபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் எதற்கு அதிகம் வருந்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் மற்றதற்கு வருந்தினேன்.

இப்போது ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேல் பயணிகள் வாகனம் விற்கிறது. அதில் பாதிக்கு மேல் எஸ்.யு.வி. வகை. 2017 மே 1 முதல் சிவப்புச் சுழல்விளக்கு போய்விட்டது. அதன் இடத்தை வெள்ளை நிறத்தில் உயரமான வண்டிகளின் வரிசை பிடித்துக்கொண்டது. அரசியல்வாதிகள் மட்டும் இல்லை, சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற பையன் முதல் நகைக்கடைக்காரர் வரை எல்லோரும் உயரத்தையே கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால் கிடைக்கிற பதில்கள் அர்த்தமுள்ளவை. மழை பெய்தால் எங்கள் ஊர் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது. 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் போகவே போகாது. பைபாசில் பக்கத்தில் லாரி உரசும்போது உயரத்தில் இருந்தால் தைரியமாக இருக்கிறது. ஆக, அந்த வண்டிகளைப் பெருமைக்காக வாங்குகிறார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். பயத்துக்காகவும் வாங்குகிறார்கள்.

ஆனால் தம்பி இன்றும் அப்பாவைப் போலக் கதவைத் தூக்கிப் பார்க்கிறான். ஏழு பேர் உட்காரும் வண்டியில் வலது முன்கதவு மட்டும் ஆடுகிறது. மற்ற கதவுகள் ஷோரூமில் பார்த்தது போலவே இருக்கின்றன. மூன்றாவது வரிசை சீட்டில் கம்பெனி போட்ட பாலிதீன் உறை கிழியாமல் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலித்தால் 108-க்கு போன் செய்கிறோம். அது நல்ல மாற்றம்தான், டிரைவரோடு மருத்துவ உதவியாளரும் வருகிறார். ஆனால் அதே பெரியவர் மறுவாரம் செக்கப்புக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, ஆறு சீட்டு காலியாக ஒரு வண்டி அவரைக் கடந்து போகிறது.

இன்னொன்றும் தம்பி செய்வான். உயரமான வண்டி வேலைக்கு வந்தால், இரண்டு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பம்பரை ஒட்டி முன்னால் வைப்பான். கிட்டத்தட்ட நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தையின் உயரம். “சார், கொஞ்சம் சீட்டுல உட்காருங்க. முன்னால என்ன தெரியுதுன்னு சொல்லுங்க” என்பான்.

“ஒண்ணுமில்லியே தம்பி, கிளியராத்தான் இருக்குது.”

“எறங்கி வந்து பாருங்க.”

இறங்கி வந்து பக்கெட்டைப் பார்த்தவர்கள் யாரும் உடனே பேசியதில்லை. அதே பக்கெட்டுகளை ஷெட்டில் கிடக்கும் எங்கள் பழைய 800-க்கு முன் வைத்தால், சீட்டில் உட்கார்ந்தபடியே மேல் மூடி தெரியும். டவுன்ஹால் பக்கத்து வீதிகளில் நடக்க நடைபாதை இல்லை. குழந்தைகள் வீட்டு வாசற்படியிலிருந்து நேராக ரோட்டில்தான் இறங்குகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு உயரம் தரும் தைரியத்தின் விலையை வெளியே நடப்பவர்தான் கொடுக்கிறார்.

நம்பிக்கை தருகிற வண்டிகளும் வருகின்றன. சமீபகாலமாகக் கார் வாங்க யோசனை கேட்கிறவர்கள், மைலேஜுக்கு முன்னால் மோதல் சோதனையில் எத்தனை ஸ்டார் என்று கேட்கிறார்கள். 2023-ல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் சோதனை தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. குழந்தை சீட் மாட்டிய கார்கள் வருகின்றன. போலியோவால் நடக்க முடியாத ஒருவர், கையாலேயே பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இயக்கும் லீவர் பொருத்திய ஆட்டோமேட்டிக் காரை ஓட்டிக்கொண்டு வருகிறார். ஆர்.டி.ஓ.வில் அதற்கென்று அனுமதி வாங்கிய வண்டி. அவர் காரில் நான்கு கதவும் தேய்ந்திருக்கின்றன. தன்னைப் போன்றவர்களை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். ஷிஃப்ட் முடிந்த நர்ஸுகள் நான்கு பேர் பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு வருகிற ஓர் ஆல்டோவும் எங்களிடம் சர்வீசுக்கு வருகிறது. ஓட்டுகிறவரும் நர்ஸ்தான். அந்தக் காலத்தின் பின் சீட்டும் இந்தக் காலத்தின் ஸ்டீரிங்கும் ஒரே வண்டிக்குள் சேர்ந்துவிட்டதை அவற்றில் பார்க்கிறேன்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஷோரூமுக்குப் போவதற்கு முன் வாரத்தில் எத்தனை நாள் எத்தனை பேர் அதில் உட்காரப் போகிறீர்கள் என்று எண்ணுங்கள். உங்கள் வீதியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு உட்கார்ந்ததும் முன்னால் ஒரு குழந்தையின் உயரத்துக்கு ஏதாவது வைத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்த பெண் இருந்தால் சீட்டை அவர் உயரத்துக்கு வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சர்க்காரிடம் கேட்பதும் ஒன்று உண்டு. காரின் நீளத்தை அளந்து, தரையிலிருந்து அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து வரி போட்டார்கள். வரி விதி ஒன்றே காரின் உருவத்தை மாற்றும் என்று 2006-லிருந்து பார்த்துவிட்டோம். பானெட்டின் உயரத்தையும் ஓட்டுகிறவரின் பார்வைக்குத் தப்புகிற தூரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும். கம்பெனிகள் அதற்கேற்ப வண்டி செய்யும்; அவர்களால் முடியும்.